தங்கம் அன்று, வெண்கலம்



இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை நேற்றிரவு இரண்டு முறை வாசித்தேன். விடுதலைப் புலிகளோடு அவர் போட்ட கந்தரோடைச் சண்டை உனக்கும் எனக்கும் மனப்பாடம், அதை விட்டுவிடுகிறேன். எனக்கு ஆத்திரம் வந்தது ஒரே ஒரு வரியில். 'வீரனின் மார்பில் தங்கப் பதக்கம் மின்னியது' என்று எழுதியிருக்கிறாய்.

போர்க்கள வீரத்துக்கு நாடு தரும் உச்ச விருதான பரம் வீர் சக்ரா வெண்கலம், தம்பி. மூன்றரை சென்டிமீட்டர் வட்டம், நடுவில் அரசுச் சின்னம், சுற்றிலும் நான்கு வஜ்ராயுதங்கள், மேலே ஊதா நாடா. அது அவர் மார்பில் ஏறவுமில்லை. 1987 நவம்பர் 25 அன்று குண்டு பாய்ந்து அவர் விழுந்த பிறகு அறிவிக்கப்பட்டது. இதுவரை அதைப் பெற்ற 21 பேரில் 14 பேர் உயிரோடு வாங்கவில்லை. ஒரே வரியில் உலோகமும் தப்பு, மார்பும் தப்பு.

பதக்கத்தைப் பற்றி எழுத வருகிறவன் முதலில் அதைப் பொருளாகப் பார்க்க வேண்டும். சித்தூரில் என் வீட்டுக்கு வரும் பிள்ளைகள் எல்லாரிடமும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அந்த வடிவத்தை வரைந்த சாவித்திரி கானோல்கர் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். நம் புராணங்களைக் கரைத்துக் குடித்தவர். ததீசி முனிவர் தன் எலும்பைக் கொடுத்து, அதிலிருந்து இந்திரனுக்கு வஜ்ரம் செய்த கதையைத்தான் அந்தச் சிறு வட்டத்துக்குள் வைத்தார். எலும்பால் ஆன ஆயுதத்துக்கு எதற்குத் தங்கம்? நீ இதை ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்த வரி உன் பேனாவில் வந்திருக்காது.

எங்கள் தெருவில் ஒரு ஹவில்தார் இருந்தார். யாழ்ப்பாணத்தில் அமைதிப்படையில் இருந்துவிட்டு 1990இல் ஊர் திரும்பியவர். அந்த ஆண்டு மார்ச் 24 அன்று அமைதிப்படையின் கடைசிப் பிரிவு திருகோணமலையில் கப்பலேறியது. சென்னையில் வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அதை ஹவில்தார் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. ஏதோ வேண்டுதல் என்று திருப்பதிக்குக் கிளம்பினார், துணைக்கு நானும் போனேன். அலிபிரிப் படியில் ஏறும்போது வெகுநேரம் பேச்சே இல்லை. காலி கோபுரத்தில் உட்கார்ந்த பிறகு சொன்னார்: "வீடு வீடா சோதனை போடுறோம் சார். ஒரு கிழவி கதவத் தொறந்து, 'தம்பி, தண்ணி குடிக்கிறியளோ'ன்னு கேக்குது. நான் துப்பாக்கியப் புடிச்சிக்கினு நிக்கிறேன்." மேலே போய் மொட்டை போட்டுக்கொண்டார். குடியரசு தினத்துக்கு 1971 போரின் சங்ராம் பதக்கத்தைக் குத்திக்கொள்வார். இலங்கைக்குப் போனதற்குக் கிடைத்த விதேஷ் சேவா பதக்கத்தை ஒரு வருஷமும் குத்திக்கொண்டதில்லை.

அதனால்தான் உன் இன்னொரு வரியும் எனக்குப் பொறுக்கவில்லை. 'ஐந்து எதிரிகளைச் சாய்த்தார்கள்' என்று போட்டுவிட்டுத் தாண்டிப் போய்விட்டாய். விருதுக் குறிப்பு அப்படித்தான் எண்ணிக்கை சொல்லும், அது அரசாங்கத்தின் வேலை. நீ தமிழில் எழுதுகிறாய். செத்த அந்த ஐந்து பேரின் வீட்டிலும் ஒப்பாரி தமிழில்தான் ஒலித்திருக்கும். கந்தரோடைச் சண்டை நடந்த இரவுக்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 21, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இதே படை புகுந்து நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களுமாக 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். உன் கட்டுரையில் அதற்கு அரை வரி கூட இல்லை. அதை எழுதினால் பரமேஸ்வரனின் வீரம் குறைந்துவிடும் என்று பயந்தாயா? நெஞ்சில் குண்டு வாங்கிய பிறகும் எதிராளியின் துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டு, கடைசி மூச்சு வரை தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்த மனிதர் அவர். உண்மை சொன்னால் குறைந்து போகிற வீரம் இல்லை அது.

ஒன்று சொல்ல வேண்டும். 1961இல் காங்கோவில் எலிசபெத்வில்லில் விழுந்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவையும் பரமேஸ்வரனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாயே, அந்தப் பத்தி அபாரம். அமைதி காக்கப் போன படையிலிருந்து பரம் வீர் சக்ரா பெற்றவர்கள் இவர்கள் இருவர் மட்டும். அடுத்தவர் வீட்டுச் சண்டைக்குள் அனுப்பப்பட்ட சிப்பாயின் தனிமையை நீ எழுதியிருப்பது போல நான் தமிழில் வாசித்ததில்லை. நான் எழுதியிருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

கட்டுரையைப் புத்தகத்தில் சேர்க்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அச்சுக்குப் போவதற்குள் தங்கத்தை எடுத்துவிடு. அந்த ஐந்து பேருக்கும் ஆஸ்பத்திரிக்கும் தலா ஒரு பத்தி எழுதிச் சேர்த்து, எனக்கு அனுப்பு.