இரவு உணவும் சிகிச்சையின் ஒரு பகுதியே

நீரிழிவு நோயாளர் ஒருவரை இரவு பத்து மணியளவில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தார்கள். உடல் முழுவதும் வியர்வை, கைகளில் நடுக்கம், பேச்சில் தடுமாற்றம். இரத்தச் சர்க்கரை 48 மில்லிகிராமாகக் குறைந்திருந்தது. வழக்கம்போல் ஏழரை மணிக்கு அவர் இன்சுலின் போட்டுக்கொண்டார். ஆனால் வேலைக்குச் சென்ற மகனும் மருமகளும் வீடு திரும்பி, அடுப்பில் குக்கர் ஏறியபோது ஒன்பது மணியாகிவிட்டது. மருந்திலும் அளவிலும் பிழையில்லை, உணவுதான் தாமதித்தது.

உணவுக்கு முன் போடும் இன்சுலினும், கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரைகளும் உணவு வரும் என்ற கணக்கிலேயே தரப்படுகின்றன. உணவு வராவிடினும் அவை தம் வேலையைச் செய்யும். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்குவது தாழ்சர்க்கரை நிலை ஆகும். நோயாளர் நினைவுடன் இருந்து விழுங்க முடிந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதியுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

இந்நிலையைத் தவிர்க்கும் எளிய வழி, வார இறுதியிலேயே பாதிச் சமையலை முடித்து வைப்பதாகும்.

எவற்றை முன்கூட்டிச் செய்யலாம்?

ஞாயிறன்று இட்லி மாவு அரைத்து வையுங்கள். துவரம்பருப்பையும், முதல்நாள் இரவே ஊறவைத்த கொண்டைக்கடலையையும் வேகவைத்துத் தனித்தனிப் பாத்திரங்களில் மூடி வையுங்கள். பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் ஆகியவற்றைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, நறுக்கி வைக்கலாம். புளியைக் கரைத்து வடிகட்டி வைக்கலாம். இவை இருந்தால் திங்கள் மாலை சாம்பாருக்கும் பொரியலுக்கும் அரை மணி நேரம் போதும். தேங்காயை மட்டும் அன்றன்று துருவிச் சேருங்கள். அது விரைவில் கெடும். புதனன்று மாலை அடுத்த இரு நாள்களுக்குரியவற்றை மீண்டும் தயாரித்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பாக வைப்பது எப்படி?

நன்றாக ஆறிய பிறகே குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று எண்ணிப் பலர் உணவை மணிக்கணக்கில் வெளியே விட்டுவிடுகிறார்கள். இது தவறு. அகன்ற, ஆழமற்ற பாத்திரத்தில் பரப்பி, ஆவி அடங்கியதும் உள்ளே வையுங்கள். சமைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பெட்டியின் வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்கு மிகாதிருக்கட்டும். வேகவைத்த பருப்பு, கடலை ஆகியவற்றை மூன்று நாள்களுக்குள் பயன்படுத்துங்கள்.

சோற்றில் தனிக் கவனம் தேவை. 'பேசில்லஸ் சீரியஸ்' என்னும் நுண்ணுயிரியின் விதைமூலங்கள் கொதிநீரிலும் அழிவதில்லை. சோறு நெடுநேரம் வெளியே இருந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே சோற்றை அன்றன்றே வடிப்பது நலம்.

எடுத்து வைத்ததில் அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்து, உள்வரை ஆவி பறக்கச் சூடாக்குங்கள். ஒருமுறை சூடாக்கியதை மீண்டும் வைக்காதீர்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் தடைபட்டிருந்தால், சமைத்து வைத்தவற்றை மனம் பொறுத்துக் கொட்டிவிடுங்கள்.

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களும், புற்றுநோய்க்கு மருந்து பெறுபவர்களும் தம் மருத்துவரைக் கேட்ட பின்னரே இம்முறையைப் பின்பற்ற வேண்டும்.

நினைவில் கொள்ளுங்கள்

இரவு உணவு உறுதியாக வரும் நேரத்தை அறிந்த பின்னரே இன்சுலினை எடுங்கள். அளவை நீங்களாக மாற்றாதீர்கள். அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, ஒரு வாரம் எத்தனை மணிக்கு இரவு உணவு உண்டீர்கள் என்பதைத் தாளில் குறித்து வாருங்கள். சர்க்கரை அளவோடு அதையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் வீட்டு நேரத்துக்கு ஏற்ற மருந்து முறையை எங்களால் அமைத்துத் தர இயலும்.