நாய்க்குக் கண்ணில் பீளை தள்ளினால்...



ஆட்டுப் பட்டிக்கும் கோழிக்கும் காவல் இருப்பது நம்ம வீட்டு நாய்தான். ஆட்டுக்கு ஒண்ணுன்னா மருந்தகத்துக்கு ஓடுகிற நாம், நாய்க்குக் கண் சிவந்தால் "தானா சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறோம். இல்லாவிட்டால் வீட்டில் கிடக்கிற மருந்தை ஊற்றுகிறோம்.

எங்கள் குழுவிலும் அப்படித்தான் நடந்தது. மாமியாரின் கண் ஆபரேஷனுக்குக் கொடுத்த சொட்டு மருந்து மீதி இருக்க, ஒரு உறுப்பினர் அதை நாய்க்கு விட்டார். நாலாம் நாள் கருவிழி நீலம் பூத்துவிட்டது. கருவிழியில் முள் கீறிய புண் இருந்ததாம். மருந்தில் இருந்த ஸ்டீராய்டு புண்ணை ஆறவிடாமல் ஆழமாக்கிவிட்டது என்றார் கால்நடை டாக்டர். கண் தப்பியது, ஆனால் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது.

வெளியே பார்க்க எல்லாம் ஒரே சிவப்புதான். தூசி, முள், உள்பக்கம் மடங்கிய இமை, கண்ணீர் சுரக்காத வறட்சி என்று காரணம் பலது. டாக்டர் ஒரு சாயத்தைக் கண்ணில் விட்டுப் பார்ப்பார். புண் இருந்தால் அந்த இடம் பச்சையாகத் தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் எந்த மருந்து என்று சொல்ல முடியும். இரண்டு கண்ணிலும் பீளை, மூக்கில் சளி, காய்ச்சல் எல்லாம் சேர்ந்து வந்தால் டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். தடுப்பூசி போடாத குட்டிகளுக்கு இது ஆபத்து. நாய் வெறித்தனமாக நடந்தாலோ, எச்சில் வடித்தாலோ கிட்டப் போகவே கூடாது.

மருந்து விடும் முன், கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பீளையை ஊறவைத்துத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. வலியில் நம்ம நாயே கடிக்கும். அதனால் ஒருவர் பின்பக்கம் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொள்ளட்டும். பாட்டில் முனை கண்ணில் படக்கூடாது. இரண்டு மருந்து இருந்தால் முதலில் சொட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் களிம்பு. பிறகு கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். கடித்துவிட்டால் 15 நிமிடம் சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும்.

சாதாரணத் தொற்று என்றால் இரண்டு மூன்று நாளில் பீளை குறையும். இங்கேதான் நாம் தப்பு செய்கிறோம்: கண் தெளிந்ததும் மருந்தை நிறுத்திவிடுகிறோம். டாக்டர் சொன்ன நாள் வரை விட வேண்டும். மேலோட்டமான புண் சுமார் ஒரு வாரத்தில் ஆறும், ஆழமானது பல வாரம் எடுக்கும். ஆறும்போது கருவிழியில் சிவப்பு நரம்பு ஓடி வரலாம். பயந்துவிடாதீர்கள், சில சமயம் அது ஆறுவதற்கு அடையாளம்தான். ஆனாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கண்ணைத் திறக்கவே முடியாமல் இருந்தாலோ, நீலம் பூத்தாலோ, பீளை அதிகமானாலோ அன்றைக்கே போக வேண்டும்.

ஆறும் சமயத்தில் அரிக்கும், காலால் பிறாண்டும். கழுத்துக்கு மாட்டும் கூம்பு கிடைக்காவிட்டால் பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, ஓரத்தில் துணி சுற்றி மாட்டுங்கள். மூக்குக்கு மேல் கொஞ்சம் நீளம் இருக்க வேண்டும். சாப்பிடும்போது கழற்றி, பக்கத்திலேயே இருந்து திரும்ப மாட்டிவிடுங்கள். இரண்டு நாள் எல்லாவற்றிலும் முட்டும், பிறகு பழகிவிடும்.