குணமும் குற்றமும்

ஒருவன் குற்றம் புரிதற்கு அவன் உடலமைப்பே காரணமாகுமோ என்பது நெடுங்காலமாக வினாவப்பட்டு வருவதொன்று. இதனை மருத்துவ நூல்வழி ஆராயப் புகுந்தோருள் பெயர் பெற்றவர் இத்தாலி நாட்டுச் சேஸரே லொம்ப்ரோஸோ என்பார். வில்லெல்லா என்னும் சிறையாளி ஒருவனது மண்டையோட்டின் உட்புறத்து அடியில் ஒரு பள்ளத்தைக் கண்ட அவர், இஃது இழிந்த விலங்குகட்குரிய அடையாளமென்றும், குற்றவாளி பிறவியிலேயே வேறுபட்டவனென்றும் துணிந்து, 1876-இல் தம் பெருநூலை வெளியிட்டார். நெற்றியையும் தாடையையும் செவியையும் அளந்தே கள்வனை அறியலாமென நம்பினாரும் பலர். இங்கிலாந்துச் சிறை மருத்துவராகிய சார்லஸ் கோரிங் என்பார் ஏறத்தாழ 3,000 சிறையாளரை அளந்து, பிறரோடு ஒப்பிட்டு, அத்தகைய தனிவடிவம் யாதும் இன்றென 1913-இல் காட்டினார். அங்ஙனம் ஒப்பிடப்பட்டோருள் கேம்பிரிட்ஜ் மாணாக்கரும் இருந்தனர் என்பது எம்மனோர்க்குச் சிறிது நகை விளைப்பதாம்.

மண்டையோட்டை அளவாமலே பிறவிக் குற்றவாளி என முத்திரையிட்ட செயல் நம் நாட்டிலும் நிகழ்ந்தது. 1871-இல் இயற்றப்பெற்ற குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இன் திருத்தத்தால் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் இதனைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். யாதொரு தீங்கும் செய்யாதவனும் பிறந்த குடி நோக்கிக் கைரேகை பதிக்க வேண்டியவனானான். அச்சட்டம் நாடெங்கும் ஒழிய 1952 வரை ஆயிற்று.

மண்டையோடு மறைய, நரம்பு முன்வந்தது. ஹான்ஸ் ஐசென்க் என்னும் உளநூலார் 1964-இல் வெளியிட்ட நூலிற் கூறியதைச் சுருக்கிச் சொல்வாம். குழந்தை பிறன் பொருளை எடுக்குந்தோறும் தாய் அடிக்கின்றாள். அல்லது முகஞ் சுளிக்கின்றாள். பலகால் இவ்வாறு நிகழவே, எடுக்க எண்ணும்போதே அச்சம் தோன்றுகின்றது. இவ்வச்சமே மனச்சான்று என்பது அவர் கொள்கை. மூளையின் விழிப்பு இயல்பாகவே குறைந்தோர்க்கு இப்பழக்கம் எளிதில் ஊன்றாது. அவர் கிளர்ச்சியை நாடிப் புறத்தே திரிவர். ஆதலின் குற்றத்தில் வீழ்தல் எளிது என்றார். மனச்சான்றை இத்துணைச் சிறிதாக்கியது எமக்கு உடன்பாடன்று. அச்சத்தால் அன்றி அன்பினால் தீமையை விடுவாரும் உளர். புறமுக நாட்டமுடையாரே குற்றவாளிகளுள் மிக்கிருப்பர் என்ற அவர் கருத்தும் பிற்கால ஆராய்ச்சிகளில் உறுதிபெறவில்லை. ஆயினும் அச்சத்தைப் பற்றிய பகுதி முற்றும் பொய்யாகிவிடவில்லை.

சுவீடன் நாட்டில் படைப்பணிக்குச் சோதிக்கப்பெற்ற இளைஞர் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிய ஆராய்ச்சியொன்று 2015-இல் வெளிவந்தது. ஓய்ந்திருக்கையில் நாடி மெதுவாகத் துடித்தவரிடத்துப் பிற்காலத்தில் வன்குற்றம் மிகுந்திருந்தது. அவரே விபத்துக்குள்ளாதலும் பிறரால் தாக்குண்டலும் மிகுந்திருந்தன! இப்பின்னைச் செய்தியையே யாம் பெரிதும் கருதுகின்றோம். மெதுநாடி குற்றத்தின் அறிகுறியன்று. அஞ்சாமையின் அறிகுறி போலும். அஞ்சாதவன் களவுக்கும் போவான். தீப்பற்றிய வீட்டினுள் பிறரைக் காக்கவும் புகுவான். மெதுநாடியுடையாருள் மிகப் பலர் ஒரு குற்றமும் செய்யாதவரே.

தமிழில் குற்றம் என்னும் சொல் மணியின் மாசையும் செய்யுளின் வழுவையும் ஒருங்கே குறிக்கும். ஈண்டு யாம் பேசுவதோ சட்டம் விலக்கிய செயல். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். நரம்பு அவ்வாறு வேறுபடாது. ஆதலின் நரம்பினுள் குணத்தைத் தேடலாமேயன்றிக் குற்றத்தைத் தேடலாகாது.

மொரீஷியஸ் தீவில் மூன்று வயதுக் குழந்தைகள் 1,795 பேர் சோதிக்கப்பெற்றனர். ஒரு மெல்லொலியைத் தொடர்ந்து பேரொலி கேட்பிக்கப்பட்டது. மெல்லொலி கேட்டவுடனே அஞ்சி வியர்க்கும் பழக்கம் தோலில் உண்டாகின்றதா என்று கருவியால் அளந்தனர். இருபத்து மூன்றாம் வயதிற்குள் குற்றத்தீர்ப்புப் பெற்றிருந்தோரிடம், மூன்றாம் வயதில் அப்பழக்கம் தோன்றியிருக்கவில்லை. இவ்வளவோடு நின்றால் லொம்ப்ரோஸோ மீண்டும் எழுந்தார் எனலாம். ஆனால் அத்தீவின் குழந்தைகளுள் ஒரு சிலர்க்கு ஈராண்டு நல்லுணவும் உடற்பயிற்சியும் கல்வியும் சிறப்பாக அளித்து, பின்னரும் அவரைத் தொடர்ந்து நோக்கினர். இருபத்து மூன்று வயதில் அவரிடைக் குற்றச் செயல்கள் மற்றையோரினும் குறைந்திருந்தன. மூன்று வயதில் உணவின்றி மெலிந்திருந்த பிள்ளைகளிடம், பதினேழாம் வயதின் ஒழுக்கத்தில் இந்நன்மை இன்னும் மிகுதியாகத் தோன்றிற்று. மூன்றும் ஒருங்கே அளிக்கப்பட்டமையால், பயன் தந்தது உணவோ, ஓட்டமோ, பாடமோ எனப் பிரித்தறிதற்கு இடமில்லை.