இரண்டு மறுப்பு சேர்ந்தால் உடன்பாடா?

கேள்வி: ‘ஐ டோன்ட் நோ நத்திங்’ என்பது பிழையான ஆங்கிலமா?

பதில்: பொது ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு மறுப்புச் சொல் போதும், ‘டோன்ட்’ வந்தபின் ‘எனிதிங்’ என்றே வரவேண்டும். ஆனால் லண்டன் காக்னி, அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஆங்கிலம் போன்ற வழக்குகளில் ‘நத்திங்’ முந்தைய மறுப்பை நீக்குவதில்லை, அதையே மறுபடி சுட்டுகிறது. ‘எல்லாம் தெரியும்’ என்று அங்கே எவரும் பொருள்கொள்வதில்லை. இது அறியாமையும் அல்ல, பழைய மரபு. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாஸர் தாராளமாக மறுப்புகளை அடுக்கி எழுதினார். எழுத்தில் அவ்வழக்கம் தானாகவே குறைந்துவந்தது. இரு மறுப்புகள் ஒன்றையொன்று அழிக்கும் என்ற கணக்கை 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் லௌத் போன்ற இலக்கண ஆசிரியர்கள் விதியாக்கினர். ஆனால் தேர்விலும் அலுவல் கடிதத்திலும் இரட்டை மறுப்பு ஏற்கப்படுவதில்லை.