மெழுகில் பதித்த துணுக்கு

திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்துவைக்கப்பெற்றது. இத்தகைய கல்லூரி மருத்துவமனைகளில், நோயாளி ஒருபோதும் காணாத பணியாளர் ஒருவர் உளர். அவரே திசு ஆய்வுக்கூட நுட்பர்.

அறுவையில் எடுத்த தசைத் துணுக்கு ஃபார்மலினில் மூழ்கி அவரிடம் வருகிறது. அதனை ஆல்ககாலில் இட்டு நீரை அகற்றிச் சைலீனில் ஊறவைத்து, உருகிய மெழுகில் பதிக்கிறார். பின்னர் மைக்ரோடோம் என்னும் பொறியால், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 4 பங்கு கனமே உள்ள ஏடுகளாகச் சீவுகிறார். சித்திரை வெயிலில் மெழுகு நெகிழும். பனிக்கட்டிமேல் குளிர்வித்த பின்னரே கத்தி செவ்வனே செல்லும். மெக்சிகோ நாட்டு மரமொன்றின் வைரத்தினின்று கிடைக்கும் ஹீமடாக்சிலின் உயிரணுவின் கருவை நீலமாக்கும். இயோசின் ஏனையவற்றைச் சிவப்பிக்கும்.

இவை யாவினும் அரியது எண் பிறழாமையே. ஒருவர் துணுக்கின் எண் மற்றொருவர் துணுக்கில் ஏறிவிடின், புற்றுநோய் இல்லாதவர் வீணே அறுவைக்கு ஆளாவார். உள்ளவரோ நலமென நம்பி வேடசந்தூருக்கோ நிலக்கோட்டைக்கோ திரும்பிவிடுவார். ஆதலின் அவர் ஒவ்வொரு படியிலும் எண்ணை ஒப்புநோக்குகிறார்.