வாண்டாவை இனம் காண நிறம் உதவாது

மைசூர்ப் பக்கத்து வறண்ட காடுகளில் மரத்தில் ஒட்டி வளரும் ஆர்கிட்களில் வாண்டா டெசெல்லாட்டாவையும் வாண்டா டெஸ்டேசியாவையும் பலர் மாற்றிச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் பூவின் உதடு போன்ற இதழ் (உதட்டிதழ்) பெரும்பாலும் நீலமாகவோ ஊதாவாகவோ இருக்கும். அதைப் பார்த்ததும் பெயர் சொல்லிவிடுவதால் வரும் வினை இது.

1. இடம்: பந்திப்பூர், நாகரஹொளெ புலிகள் காப்பகங்களில் சஃபாரி வண்டியை விட்டு இறங்க முடியாது. அதனால் காப்பகங்களுக்கு வெளியே, வயலோரத்து முதிய மரங்களை அண்ணாந்து பாருங்கள். கோடை நல்ல பருவம். பைனாகுலர் கட்டாயம்.

2. வாண்டாதானா? தடித்த வேர்கள், இருபுறமும் அடுக்காக மடிந்த வார் இலைகள், அடியில் குமிழ் கிடையாது. புல்லுருவி என்று யாராவது வெட்ட வந்தால் தடுங்கள். இது மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை.

3. பூ: இங்கேதான் சறுக்கல். டெசெல்லாட்டாவின் நிறம் செடிக்குச் செடி மாறும்: இதழ்கள் மஞ்சள், பச்சை, பழுப்பு என்றும், உதட்டிதழ் நீலம், ஊதா, இளஞ்சிவப்பு என்றும் வரும். எனவே நிறத்தை விட்டுவிட்டு மூன்றைப் பாருங்கள்.

அளவு: டெசெல்லாட்டா பூ 4 முதல் 5 செ.மீ. அகலம்; டெஸ்டேசியா சுமார் 2 செ.மீ.தான். உதிர்ந்த பூ கிடைத்தால் பத்து ரூபாய் நாணயத்தின் மேல் வையுங்கள். நாணயம் 27 மி.மீ.; டெஸ்டேசியா அதற்குள் அடங்கும், டெசெல்லாட்டா வெளியே வழியும்.

கோலம்: டெசெல்லாட்டாவின் இதழ்களில் பழுப்புக் கோடுகள் வலைபோல் குறுக்கும் நெடுக்கும் ஓடும், ஓரம் நெளியும். டெஸ்டேசியாவின் இதழ்கள் வலையில்லாத வெறும் மஞ்சள்.

முதுகு: டெசெல்லாட்டா இதழின் பின்பக்கம் வெள்ளை. முன்பக்கத்தை மட்டும் பத்துப் படம் எடுத்து அனுப்புபவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. பக்கவாட்டில் ஒன்று, பின்னால் ஒன்று, இலையும் பூவும் சேர்ந்து ஒன்று: மூன்றே படம் போதும்.

4. பூ இல்லையா? இலையை வைத்து ஊகிக்காதீர்கள். குறிப்பேட்டில் ‘வாண்டா’ என்று மட்டும் எழுதி, மரம், இடம், தேதி சேர்த்துவிட்டு, பூக்கும்போது திரும்பி வாருங்கள்.

5. பறிக்காதீர்கள். அனுமதியின்றிக் காட்டிலிருந்து செடி எடுப்பது குற்றம். வீட்டில் வளர்க்க ஆசையென்றால் நர்சரியில் கலப்பின வாண்டா வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பூவும் பெரிது.