பாங்குகளைக் கண்காணிப்பவர் யாவர்?

அரூரிலும் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் உள்ள நம் அங்கத்தினர்களிற் பெரும்பாலோர், கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தையும், தருமபுரி மாவட்ட மத்தியக் கூட்டுறவு பாங்கின் கிளையையும், இந்தியன் பாங்கு போன்ற தேசியமயமான பாங்கின் கிளையையும் ஒருங்கே 'பாங்கு' என்றே வழங்குகின்றனர். பேச்சு வழக்கிற்கு இது போதும். ஆயின் பட்டுக்கூடு விற்ற பணத்தையோ, புளியோ மாங்காயோ விற்று மகளின் திருமணத்திற்கென்று சேர்த்த தொகையையோ டிபாசிட் செய்யும்போது, இம்மூன்றும் ஒன்றல்ல என்பதை அறிந்திருத்தல் வேண்டும். இவற்றை ஆளும் சட்டங்கள் வேறு. மேற்பார்க்கும் அதிகாரிகள் வேறு. இடர் நேர்ந்தால் கிடைக்கும் பாதுகாப்பும் வேறு.

மேற்பார்வை என்பதே இல்லாத காலமும் ஒன்று இருந்தது. 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, அதனிடம் பணத்தை ஒப்படைத்திருந்தவர்கள் திகைத்து நின்றனர். அதன் கணக்குகளை முன்கூட்டிப் பார்த்து எச்சரிக்கும் அதிகாரம் படைத்த ஸ்தாபனம் எதுவும் அன்று இல்லை. அந்த முறிவின் பின்னரே வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்று 1907-இல் இந்தியன் பாங்கைத் தோற்றுவித்தனர். இன்று நம் மாவட்டத்தின் முன்னோடி பாங்கு அதுவே.

ரிசர்வ் பாங்கு 1935-இல் பிறந்தது. பிறந்த உடனேயே அதற்குப் போதிய அதிகாரம் வந்துவிடவில்லை. 1938-இல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு கதவடைத்தபோது இக்குறை வெளிப்பட்டது. 1949-ஆம் ஆண்டுச் சட்டமே உரிமம் வழங்கவும், தணிக்கை செய்யவும், உரிமத்தைப் பறிக்கவும் ரிசர்வ் பாங்குக்கு முழு அதிகாரம் தந்தது. 1960-இல் கேரளத்துப் பாலை சென்ட்ரல் பாங்கு முறிந்த பின்னர் டிபாசிட்டுக்கு இன்ஷ்யூரன்ஸ் வேண்டுமென்ற எண்ணம் வலுப்பெற்றது. 1962 ஜனவரி முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அன்றைய வரம்பு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரி முதல் அது 5 லட்சம் ரூபாய். ஒவ்வொரு முறிவும் ஒரு சட்டத்தைப் பெற்றெடுத்தது எனலாம்.

ரிசர்வ் பாங்கின் அனுமதி எவ்வாறு வேலை செய்கிறது என்பதைக் காண, நெசவுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற கரூரில் 1926-இல் தோன்றிய லட்சுமி விலாஸ் பாங்கின் வரலாறு நல்ல பாடம். பெருங்கடன்கள் திரும்பாமையால் அதன் மூலதனம் கரையத் தொடங்கியது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கு அதனைத் திருத்த நடவடிக்கைக்கு உட்படுத்திக் கட்டுப்பாடுகளை விதித்தது. வேறொரு வீட்டுக்கடன் கம்பெனியுடன் இணைந்து பிழைக்கலாமென்று பாங்கு விண்ணப்பித்தது. பங்குதாரர் விரும்பினாலும், ரிசர்வ் பாங்கின் ஒப்புதல் இன்றி அத்தகைய இணைப்பு நிறைவேறாது. 2019 அக்டோபரில் அவ்விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 2020 செப்டம்பரில் பங்குதாரர்களே நிர்வாக இயக்குநர் உள்ளிட்ட எழுவரை வாக்களித்து விலக்கினர். நவம்பர் 17-ஆம் தேதி சர்க்கார் தடையாணை பிறப்பித்தது; டிபாசிட்தாரர் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுத்தல் இயலாதாயிற்று. பத்து நாட்களில், நவம்பர் 27-ஆம் தேதி, டி.பி.எஸ். பாங்கு இந்தியாவுடன் அது இணைக்கப்பட்டுத் தடையும் நீங்கியது. டிபாசிட்தாரர் எவரும் பணத்தை இழக்கவில்லை. ஆனால் பங்குதாரரின் பங்கு முழுவதும் மதிப்பற்றுப் போயிற்று. டிபாசிட் வேறு, பங்கு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் எடுத்துரைக்க முடியாது. மேற்பார்வை சற்று முன்னரே கடுமையாகியிருக்கலாம் என்பது நம் கருத்து. எனினும் 1906-இன் கதி 2020-இல் நேரவில்லை.

இனி நம்முடைய மத்தியக் கூட்டுறவு பாங்கைக் காண்போம். இதற்கு எஜமானர் இருவர். கூட்டுறவு ஸ்தாபனம் என்ற முறையில் அது தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்திற்கும் பதிவாளருக்கும் உட்பட்டது. பாங்குத் தொழில் என்ற முறையில் 1966 மார்ச் முதல் ரிசர்வ் பாங்குக்கு உட்பட்டது. நேரில் வந்து தணிக்கை செய்வது 1982-இல் அமைந்த நபார்டு. அமெரிக்காவில் 1863 முதல் நேஷனல் பாங்குகளுக்கு மத்திய சர்க்கார் அதிகாரியும், மாகாண பாங்குகளுக்கு மாகாண அதிகாரியும் உரிமம் தருவர். பாங்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். நம் மத்திய பாங்குக்குத் தேர்வில்லை, இரண்டும் உண்டு. இருவர் இருந்தும் பொறுப்பு எவருடையது என்பதில் நெடுங்காலம் குழப்பமே மிஞ்சியது. நாட்டில் பல மத்திய பாங்குகள் ஆண்டுக்கணக்கில் உரிமமின்றியே நடந்துவந்தன. 2020-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், மாவட்ட மத்திய பாங்குகளைப் பொறுத்தவரை 2021 ஏப்ரல் முதல் அமலாகி, மூலதனம், தணிக்கையாளர் நியமனம், நிர்வாகிகளின் தகுதி ஆகியவற்றில் ரிசர்வ் பாங்கின் கையை வலுப்படுத்திற்று. கடன்களின் இடரைக் கணக்கிட்டு, நூற்றுக்கு 9 விழுக்காடு சொந்த மூலதனம் வைத்திருத்தல் வேண்டுமென்பது 2017 மார்ச் முதல் மத்திய பாங்குகளுக்குள்ள நிபந்தனை. இது வெறும் ஏட்டு விவகாரமன்று. நம் நெசவாளர் சங்கங்கள் நூல் வாங்கவும் கூலி வழங்கவும் பெறும் காசுக் கடன் பெரிதும் அந்த பாங்கிலிருந்தே வருகிறது. பாங்கின் மீது கட்டுப்பாடு விழுந்தால் முதலில் நிற்பது தறிதான்.

மூன்றாவது, கிராமத்துக் கடன் சங்கம். இங்கேதான் அங்கத்தினர்கள் மிகுந்த கவனம் செலுத்தல் வேண்டும். சட்டப்படி இது பாங்கு அன்று. தன் பெயரில் பாங்கு என்ற சொல்லைச் சேர்க்காமலும், தன் மீது எழுதப்பட்ட செக்குகளுக்குப் பணம் கொடுக்காமலும் இருக்கும்வரை பாங்கு ஒழுங்குமுறைச் சட்டம் அதனைத் தொடுவதில்லை. ஆகவே ரிசர்வ் பாங்கின் உரிமமும் இல்லை. 5 லட்ச ரூபாய் இன்ஷ்யூரன்ஸும் இல்லை. பதிவாளரின் மேற்பார்வை மட்டுமே உண்டு. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தின் 80-ஆவது பிரிவின்படி தணிக்கை, 81-ஆவது பிரிவின்படி விசாரணை, 87-ஆவது பிரிவின்படி நஷ்டத்திற்குக் காரணமானவரிடமிருந்து தொகையை வசூலித்தல் ஆகியன நடைபெறும். நெசவாளர் சங்கங்களுக்குப் பதிவாளரின் அதிகாரத்தைச் செலுத்துபவர் கைத்தறித்துறை இயக்குநர். இவ்வதிகாரங்கள் சிறியவை அல்ல. ஆயினும் விசாரணை முடிந்து தொகை வசூலாக ஆண்டுகள் செல்லும். டிபாசிட்தாரரின் அவசரம் அவ்வளவு பொறுக்காது. சங்கத்தில் பெருந்தொகை வைக்க விரும்புவோர், டிபாசிட்டுக்கு வேறு பாதுகாப்பு ஏற்பாடு உண்டா என்பதைச் செயலாளரிடம் கேட்டறிதல் முறை. கேட்பதனால் சங்கத்தின் மீது நம்பிக்கையின்மை என்று எவரும் கருத வேண்டியதில்லை.

சங்கம் தன் உபரியை மத்திய பாங்கில் வைத்திருந்தால், இன்ஷ்யூரன்ஸ் கணக்கில் சங்கம் முழுவதும் ஒரே டிபாசிட்தாரர்தான். ஆயிரம் அங்கத்தினர் இருந்தாலும் 5 லட்சமே வரம்பு. தனிநபருக்கும் அவ்வாறே: ஒரே பாங்கின் தருமபுரிக் கிளையிலும் அரூர்க் கிளையிலும் ஒருவர் தம் பெயரில் வைத்த தொகை, அசலும் வட்டியும் சேர்த்து, ஒன்றாகவே கணக்கிடப்படும். இதற்கான பிரீமியத்தைச் செலுத்துவது பாங்கு. டிபாசிட்தாரரிடம் வசூலித்தல் கூடாது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பணம் எடுப்பதற்குத் தடை விதிக்கப்பட்ட பாங்கின் டிபாசிட்தாரருக்கு இன்ஷ்யூரன்ஸ் தொகை சாதாரணமாக 90 நாட்களுக்குள் கிடைத்தல் வேண்டும்.

பெயரை மட்டும் கண்டு மயங்குவோரும் உளர். விவசாயிகளின் பெயரால் கூட்டுறவு பாங்கு என்று பலகை மாட்டி, சென்னை அம்பத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு, பிற ஊர்களிலும் கிளை திறந்து உரிமமின்றி நடந்த போலி ஸ்தாபனம் ஒன்று 2022 நவம்பரில் பிடிபட்டது. அதற்கு ஓராண்டு முன்னரே, பாங்கு என்ற சொல்லைச் சட்டத்திற்கு மாறாகப் பயன்படுத்தும் சங்கங்களைப் பற்றி ரிசர்வ் பாங்கு பொதுமக்களை எச்சரித்திருந்தது. புதிய பலகை ஒன்றைக் காரிமங்கலத்திலோ நல்லம்பள்ளியிலோ காண்பவர், உள்ளே சென்று ரிசர்வ் பாங்கின் உரிமத்தைக் காட்டுமாறு கேட்கலாம். இன்ஷ்யூரன்ஸ் பெற்ற பாங்குகளின் பட்டியலை டிபாசிட் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பரேஷன் தன் இணையதளத்தில் வெளியிட்டுள்ளது. படித்த பிள்ளை ஒருவரைக் கொண்டு அதில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். கிராமச் சங்கத்தின் தணிக்கை அறிக்கையைப் பார்க்க வேண்டுமானால், அது பேரவைக் கூட்டத்தில் வைக்கப்படும்போது கையெழுத்திட்டுவிட்டு எழுந்து செல்லாமல் இருந்தாலே போதும்.